நூற்று நாற்பத்து மூன்று கட்டைவிரல்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும் இடத்தில், இடது கைப்பக்கம் ஒரு டூவீலர் ஸ்டாண்டு இருக்கிறது. தகரக் கூரை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள்ளே பூமாரி. வண்டிக்கு டோக்கன் கொடுப்பதுதான் அவள் வேலை. ஆனால் இந்தப் பதின்மூன்று வருஷத்தில் அந்த ஜன்னலில் டோக்கன் கேட்டவர்களைவிட பஸ் கேட்டவர்கள்தான் அதிகம். "யக்கா, ராயகிரி போயிட்டா?" "கோவில்பட்டி வந்துட்டா?" வண்டி என்று ஒன்றே இல்லாதவர்கள்கூட ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டுவிட்டுப் போவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குள்ளே விசாரிக்க ஆள் இருக்கத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் பூமாரி சொன்னால்தான் சனங்களுக்கு மனசு ஆறும்.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எந்த பஸ்ஸின் ஹார்ன் எப்படி இழுக்கும், எந்த டிரைவர் டீ குடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரே ஒரு குறை. அவள் வேலை காலை ஐந்தரையிலிருந்து மாலை ஆறு வரை. ஆறு மணிக்கு மேல் ஜன்னலுக்கு வருகிறவர் சண்முகையா அண்ணாச்சி. அவருக்கு எல்லா பஸ்ஸும் ஒன்றுதான். காதில் ஹெட்போனை மாட்டினால் கழற்றுவது ஒன்பது மணிக்கு. ஆகவே ஆறு மணிக்கு மேற்பட்ட சங்கரன்கோவில், பூமாரிக்குப் பாதி தெரியாத ஊர்.

அந்தப் பாதியையும் தெரிந்துகொள்ளத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடித்தபசுத் திருவிழா நெருங்கும் சமயத்தில், அவள் 'பஸ் வந்துட்டா?' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தாள். விளையாட்டாகத் தொடங்கியது, தபசு முடிவதற்குள் ஆயிரத்து இருபத்து நான்கு பேர் சேர்ந்து குரூப் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் வாட்ஸ்அப்பே இடம் தராது. யாராவது எப்போது விலகுவார்கள், நாம் எப்போது ஏறலாம் என்று வெளியே ஒரு கூட்டம் காத்திருந்தது. விதி ரொம்ப எளிது. ஒருவர் ஒரு பஸ்ஸின் நேரத்தைப் போடுவார். அது சரி என்று தெரிந்தவர்கள் கீழே கட்டைவிரல் போடுவார்கள். கட்டைவிரல் நிறைய விழுந்த நேரத்தை மறுநாள் பூமாரி ஸ்டாண்டுச் சுவரில் இருக்கும் கரும்பலகையில் எழுதுவாள். ஊர் சொன்னதை அவள் எழுதினாள். அவள் எழுதியதை ஊர் நம்பியது. இரண்டு வருஷம் ஒரு வில்லங்கமும் வரவில்லை.

வில்லங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. செல்வக்குமார் என்ற உறுப்பினர், 'ராயகிரி மாலை 6.50' என்று ஒரு வரி போட்டார். ராயகிரிக்குக் கடைசி பஸ் 6.05 என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்த 6.50க்குக் கட்டைவிரல் மளமளவென்று விழுந்தது. இருபது, அறுபது, நூறு. பொழுது விடிந்து பார்த்தால் நூற்று நாற்பத்து மூன்று. குரூப்பின் சரித்திரத்திலேயே அது பெரிய எண். பூமாரி கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள். சாக்பீஸால் ஒரு பூ வேறு போட்டாள்.

வியாழன் காலை மாரிசெல்வி ஜன்னலுக்கு வந்து நின்றாள். ராயகிரிக்காரி, இங்கே துண்டு மடித்து பேக்கிங் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே ஷிப்ட் முடிவது ஆறரை. 6.05ஐப் பிடிப்பதற்காக தினமும் சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி, அரைமணி முன்னதாகவே கிளம்பி ஓடிவருகிறவள்.

"யக்கா, நேத்து போர்டப் பாத்தேன். கும்பிடாத கும்பிடெல்லாம் கும்பிட்டு கிளம்புற வேலை மிச்சம்னு ஆறரை வரைக்கும் வேலை பாத்துட்டு வந்தேன். ஏழரை வரைக்கும் நிக்கேன், நிக்கேன், ஒரு பஸ்ஸயும் காணோம். பெறவு புளியங்குடி போயி, சிவகிரி போயி, ஆட்டோ புடிச்சி வீட்டுக்குப் போனேன். எங்க மாமனாரு தெருவுல நிக்காரு."

"அய்யய்யோ. என்னய ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாட்டி?"

"நீங்க எழுதியிருந்தீங்களேக்கா. பெறவு என்னத்தக் கேக்க?"

சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாரிசெல்வி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்; அதுதான் பூமாரிக்குச் சுருக்கென்று தைத்தது. அழுகையே வந்துவிட்டது. அன்று முழுக்க டோக்கன் நம்பரை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். சாயங்காலம் சண்முகையா அண்ணாச்சி வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஆறு அம்பதுக்கு ராயகிரி வருதா, இல்லையா?"

"நான் பாத்ததில்லம்மா. ஆனா போர்டுல நீ எழுதியிருந்தியா, அப்ப வரும் போலிருக்குன்னு நெனச்சேன்."

வீட்டுக்குப் போனதும் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டாள். இல்லாத பஸ்ஸுக்கு நூற்று நாற்பத்து மூன்று பேர் ஏன் சாட்சி சொன்னார்கள் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லையென்றால் குரூப்பை மூடிவிடுவாள், பலகையையும் அழித்துவிடுவாள். "என் எழுத்த நம்பி ஒரு பிள்ளை ரோட்டுல நிக்கக் கூடாது." அவ்வளவுதான் பதிவு. பழக்கதோஷத்தில் அதற்கும் பதினாறு பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

முதலில் பேசியது முகம்மது அப்சல்தான். கடையநல்லூர்க்காரர், ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. இந்தக் குரூப்பில் இருக்கும் எந்த பஸ்ஸிலும் அவர் ஏறி மூன்று வருஷமாகிறது. ஆனாலும் குரூப்பை அவர் அளவுக்குப் படிக்கிறவர் வேறு யாரும் கிடையாது. அவருடைய உம்மா மகபூப் பீவி, சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம், ஷார்ஜாவிலிருந்து அப்சல் போன் போடுவார்: "உம்மா, பஸ்ஸ தென்காசில எடுத்துட்டான். வெளிய வந்து நில்லுங்க." கடல் தாண்டி இருக்கும் மகன் சொல்லித்தான் அந்தம்மா வாசல் படி இறங்குவார். ஆகவே குரூப்பை மூடுவது அப்சலுக்குச் சம்மதமே இல்லை.

"அக்கா, அவசரப்படாதீங்க. ஒரு சர்வே எடுப்போம். எங்க கம்பெனில மாசா மாசம் எடுப்பாங்க. கேள்விய நான் எழுதுதேன்."

மறுநாள் பத்துக் கேள்வி வந்தது. முதல் கேள்வி: 'இக்குழுவின் பயன்பாடு குறித்துத் தங்களது திருப்தி நிலை யாது?' பூமாரி இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை சிரித்துவிட்டாள்.

"தம்பி, இதக் கேட்டா என் ஜன்னல்ல ஒருத்தனும் வண்டி விட மாட்டான்."

சர்வே, கேள்வித்தாள் என்றெல்லாம் பூமாரி படித்ததில்லை. ஆனால் கேள்வி கேட்பதில் அவளுக்குப் பதின்மூன்று வருஷப் பழக்கம். ராத்திரி எடுப்பீங்களா, நாளைக்கா, ஹெல்மெட்ட வச்சிட்டுப் போறீங்களா என்று ஒரு நாளைக்கு முந்நூறு பேரிடம் கேட்கிறவள். அவள் கணக்கில் நல்ல கேள்வி என்பது, வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவதற்குள் பதில் வருவது. நிறுத்திவிட்டு, "என்னக்கா கேட்டீங்க?" என்றால் அது கேள்வியே இல்லை. அப்சலின் பத்தையும் அப்படியே சோதித்துப் பார்த்தாள்.

'தகவல்கள் சரியாகவும் விரைவாகவும் கிடைக்கின்றனவா?' என்பதை மருந்துக்கடை பீர் மைதீனிடம் கேட்டாள். அவர் வண்டியில் உட்கார்ந்தபடியே யோசித்தார். "வெரசா கிடைக்கி. சரியாக் கிடைக்கல. இப்ப நான் ஆமான்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா?" அந்தக் கேள்வி இரண்டாக வெட்டப்பட்டது. 'எப்போதாவது பயன்படுத்துவேன்' என்றால் ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு தடவை, இன்னொருவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. அது 'போன வாரம் எத்தனை தடவ பாத்தீங்க?' என்று ஆனது. வயதைக் கேட்டதற்கு மூன்று பேர் முறைத்தார்கள். வயதுக் கேள்வியே போயிற்று. அதற்குப் பதிலாக 'நீங்க எந்த ஊரு பஸ்?' என்று போட்டாள். அதற்கு எல்லோரும் பெருமையாகப் பதில் சொன்னார்கள்.

முக்கியமான கேள்வியை அப்சல் விட்டுக்கொடுக்கவில்லை. 'நேரம் சரி என்று தெரிந்த பிறகுதான் கட்டைவிரல் போடுவீர்களா?' ஜன்னலில் கேட்டபோது வண்டி நிற்பதற்கு முன்பே பதில் வந்தது. ஆகவே பூமாரியும் சரி என்றாள். சனிக்கிழமை படிவம் குரூப்பில் போயிற்று. திங்கட்கிழமைக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் நிரப்பினார்கள். அந்தக் கேள்விக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்று எட்டு பேர் சொன்னது, ஆமா.

"அப்ப எல்லாரும் யோக்கியம்," என்றாள் பூமாரி போனில். "பஸ்தான் பொய் சொல்லியிருக்கு."

அப்சலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கோ எரிச்சல். யாரெல்லாம் இந்த யோக்கியர்கள் என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தாள். 6.50க்குக் கட்டைவிரல் போட்டவர்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயராக விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பீர் மைதீன் இருந்தார். சிரித்துக்கொண்டிருந்த அப்சலும் இருந்தார். மாரிசெல்வியே இருந்தாள்! அவளைக் கண்டதும் பூமாரிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இன்னும் கொஞ்சம் கீழே போனால், கோமதி அம்மன் படம் வைத்த ஒரு பெயர். அந்தப் படம் அவளுடையது.

போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

அவள்தான் போட்டிருக்கிறாள். இப்போது நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தபோது அந்த வரியைப் பார்த்தாள். அவள் அக்கா கனகலட்சுமி இருப்பது ராயகிரியில். அண்ணாச்சியிடம் டோக்கனையெல்லாம் எண்ணி ஒப்படைத்து முடிக்க ஆறு இருபது ஆகிவிடும், 6.05ஐ அவள் பதின்மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. ஞாயிறு காலை போய், மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். ஆறு ஐம்பதுக்கு ஒரு பஸ் இருந்தால் சனிக்கிழமை ராத்திரி அக்காவோடு இருக்கலாம். பேசிப் பேசியே தூங்கலாம். அதை நினைத்த மாத்திரத்தில் விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது. பஸ் உண்டா இல்லையா என்பது அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு சந்தோஷம். காரணம் அவள் கையிலேயே இருந்திருக்கிறது.

"தம்பி, நாம கேட்டது தப்பு. 'சரியாத்தான் போடுவீங்களா'ன்னு கேட்டா எவன் இல்லம்பான்? பொதுவாக் கேக்கக் கூடாது. அந்த ஒரு பஸ்ஸப் பத்தி மட்டும் கேக்கணும். நானும் போட்டேன்னு முதல்ல சொல்லிட்டுத்தான் கேக்கணும்."

"அக்கா, அப்படிச் சொன்னா ஆளுகள நாமளே இழுத்த மாதிரி ஆயிரும். சர்வேல அது கூடாது."

"நீ ஏன் போட்ட, அதச் சொல்லு."

"எல்லாரும் போட்டிருந்தாங்கக்கா. நானும் போட்டேன்."

கடைசியில் இருவரும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். அவளும் போட்டாள் என்பதைச் சொல்லலாம். ஏன் போட்டாள் என்பதைச் சொல்லக் கூடாது. புதன்கிழமை புதுக் கேள்வி போயிற்று. '6.50 ராயகிரிக்குக் கட்டைவிரல் போட்ட 143 பேருக்கு மட்டும். நானும் அதில் ஒருத்தி. யாரையும் திட்ட மாட்டேன். ஏன் போட்டீங்க?' கீழே நான்கு பதில்: அந்த பஸ்ஸப் பாத்தேன். மெசேஜப் பாத்துட்டேன்னு சொல்லப் போட்டேன். மத்தவங்க போட்டிருந்தாங்க, நானும் போட்டேன். வந்தா நல்லா இருக்கும்னு போட்டேன். அதற்கும் கீழே, விருப்பமுள்ளவர்கள் எழுத ஒரு காலியிடம்.

வெள்ளிக்கிழமைக்குள் நூற்று முப்பத்தொரு பதில் வந்தது. பஸ்ஸைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. மெசேஜைப் பார்த்ததற்கு அடையாளமாகப் போட்டவர்கள் இருபத்தேழு. கூட்டத்தோடு போட்டவர்கள் பதினொன்று. மீதி தொண்ணூற்று மூன்று பேரும் சொன்னது, வந்தா நல்லா இருக்கும்.

காலியிடத்தில் எழுதியிருந்ததைத்தான் பூமாரி திரும்பத் திரும்பப் படித்தாள். 'எனக்கு ராயகிரில ஒரு சோலியும் கிடையாது. எம் பொண்டாட்டிக்கு அம்மா வீடு அங்கன. அவ சிரிச்சா எனக்கு நல்லது.' 'தறி நிக்கதுக்கும் பஸ் போறதுக்கும் அஞ்சு நிமிசந்தான்க்கா வித்தியாசம். தினம் பஸ்தான் ஜெயிக்கி.' பீர் மைதீன் எழுதியிருந்தார்: 'கடைல வேலை பாக்குற பிள்ளை 6.05க்காக ஓடுதா. பாக்கப் பாவமா இருக்கு.' மாரிசெல்வி ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: 'நான் போட்ட விரல நானே நம்பிட்டேன்க்கா.' பூமாரி வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்துச் சிரித்தாள். இத்தனை பேரோடு சேர்ந்து தப்புச் செய்ததில் அவளுக்கு ஏக நிம்மதி.

குரூப்பை மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த கணக்கைக் குரூப்பில் சொல்லிவிட்டு, புது விதியை அறிவித்தாள். கண்ணால் பார்த்த பஸ்ஸுக்குக் கட்டைவிரல். வர வேண்டும் என்று ஆசைப்படும் பஸ்ஸுக்குக் கும்பிடு. கட்டைவிரல் மட்டும்தான் பலகையில் ஏறும். சொன்ன ஒரு மணி நேரத்தில் அந்தப் பழைய 6.50க்குக் கீழே இருந்த கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாகக் கும்பிடாக மாறின. பூமாரியும் மாற்றினாள். தபசுக் கூட்டம் மொத்தமும் கைகூப்பி நிற்பதுபோல் இருந்தது அந்த வரி.

திங்கட்கிழமை காலை ஒரு புல்லட் வந்து ஜன்னலில் நின்றது. வேல்ராஜ், இரண்டு பஸ் வைத்திருக்கிறவர். குரூப்பில் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தவர்.

"ஏம்மா, அந்த ஆறு அம்பது எங்க பஸ்தான். கொரோனாவுக்கு முந்தி பதினஞ்சே நாள் ஓடிச்சி, ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. பெறவு ஆளு வரல, நிப்பாட்டிட்டேன். பர்மிட்டுல இன்னும் இருக்கு."

பூமாரி அங்கேயே செல்வக்குமாருக்குப் போன் போட்டுக் கேட்டாள்; ஒரு டீக்கடையில் கிடந்த பழைய நேரப் பலகையைப் பார்த்து அந்த வரியைப் போட்டாராம்.

"இந்தத் தொண்ணூத்தி மூணு பேரும் ஏறுவாங்களா?" என்று கேட்டார் வேல்ராஜ்.

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். பூமாரியின் நாக்கும் அதற்குத்தான் துடித்தது. ஆனால் ஒரு தடவை எழுதிப் பட்டவள் அவள்.

"தெரியாது அண்ணாச்சி. ஆசப்படுதவங்க எல்லாரும் ஏறுவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் குடுங்க, கேட்டுச் சொல்லுதேன்."

இந்தத் தடவை அப்சலிடம் கேட்கவே இல்லை, அவளே எழுதினாள். 'ஏறுவீங்களா?' என்று கேட்கவில்லை. 'எந்தெந்தக் கிழமை, எந்த ஸ்டாப்புல இறங்குவீங்க?' என்று கேட்டாள். சும்மா ஆசைப்படுகிறவனுக்கு ஸ்டாப் பெயர் வாயில் வராது. ஏறப்போகிறவனுக்கு எந்த வேப்பமரத்தடியில் நிறுத்த வேண்டும் என்பதுவரை தெரியும். ஐம்பத்தெட்டு பேர் ஸ்டாப்பும் கிழமையும் சொன்னார்கள். அதில் நான்கு பேர் மரத்தையும் சொன்னார்கள். அப்சல் படித்துவிட்டு, "அக்கா, எங்க கம்பெனிக்கு வாரீங்களா?" என்றார். வேல்ராஜ் அந்தப் பட்டியலை எழுதிய தாளை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, ஒரு மாசம் ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார்.

பதினேழு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை. ஆறு ஐம்பது ஓடத் தொடங்கும் முதல் நாள். சண்முகையா அண்ணாச்சி தன் சர்வீஸில் முதல் தடவையாக ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றார், கையில் இரண்டு டீயோடு. "டோக்கன நான் எண்ணிக்கிடுதேன். நீ கிளம்பு தாயி." பூமாரி கிளம்பிவிடவில்லை, டோக்கனை எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் எழுந்தாள். பையில் அக்காவுக்கு ஒரு கிலோ மிக்சர், பிச்சிப்பூ ஒரு பொட்டலம். ஆறே முக்காலுக்கு மாரிசெல்வி வந்தாள். ஓடிவரவில்லை, வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டே நடந்து வந்தாள். அப்படி அவள் நடந்து பூமாரி பார்த்ததே கிடையாது.

ஆறு ஐம்பது ஆயிற்று, பஸ் வரவில்லை. ஐம்பத்து மூன்று. சுற்றிலும் நாற்பது பேர் நிற்கிறார்கள். எல்லோரும் பஸ் வரும் பக்கத்தைப் பார்க்காமல் பூமாரியைப் பார்க்கிறார்கள். ஐம்பத்தேழுக்கு ஒரு ஹார்ன் இழுத்தது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத ஹார்ன். முகப்பில் ராயகிரி என்று எரிந்தது.

"வந்துட்டு!" என்று கத்தியது யார் என்று பூமாரிக்குத் தெரியவில்லை. அவளாகவும் இருக்கலாம்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாரிசெல்வி பக்கத்தில் உட்கார்ந்து மீதி வெள்ளரிக்காயை நீட்டினாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, பதின்மூன்று வருஷம் உள்ளே இருந்து பார்த்த ஜன்னலை பூமாரி வெளியே இருந்து பார்த்தாள். அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கையாட்டினார். போன் அதிர்ந்தது. ஷார்ஜாவிலிருந்து அப்சல்: 'அக்கா, ராயகிரி போயிட்டா?'

'நான் பஸ்ஸுக்குள்ளதாம்ல இருக்கேன்' என்று எழுதினாள்.

பிறகு மேலே தள்ளித் தள்ளி அந்தப் பழைய வரிக்குப் போனாள். ராயகிரி மாலை 6.50. கீழே நூற்றுச் சொச்சம் கும்பிடு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கட்டைவிரலாக மாறியது, இன்னொன்று, பக்கத்தில் மாரிசெல்வியின் விரல் அசைந்தது, இன்னொன்று. பூமாரி தன் கும்பிடை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் போட்டாள். இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.